கருவி கட்டுபவருக்கே முதல் பந்தி

2024 ஜனவரியில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி மங்கலான ஒரு புள்ளியை ஏறக்குறைய பத்து மணி நேரம் உற்றுப் பார்த்தது. நிர்ஸ்பெக் என்ற ஸ்பெக்ட்ரோகிராஃப் அந்த ஒளியைப் பிரித்துக் காட்டியது. ரெட்ஷிஃப்ட் 14.32. பிக் பாங் நடந்து 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில் ஒளிர்ந்த கேலக்ஸி அது. அன்றைய தேதிக்கு, அளக்கப்பட்டவற்றில் மிகத் தொலைவானதும் அதுதான்.

இந்தத் தொலைநோக்கியில் ஒரு மணி நேரம் வாங்க என்ன போட்டி தெரியுமா? நான்காவது ஆண்டுச் சுற்றுக்கு வந்த விண்ணப்பங்கள் 2,377. கேட்ட நேரம் ஏறக்குறைய 78,000 மணி. கையில் இருந்தது அதில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் அந்தக் கேலக்ஸியைக் கண்டுபிடித்த ஜேட்ஸ் சர்வே இந்த வரிசையில் நின்று நேரம் வாங்கவில்லை. நிர்கேம், நிர்ஸ்பெக் ஆகிய கருவிகளை உருவாக்கிய குழுக்களுக்கு அவர்கள் உழைப்புக்கு ஈடாக ஒதுக்கிய நேரத்தில் நடந்த சர்வே அது.

வானியலில் வேலை தேடி வரும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கருவி கட்டுபவருக்கு முதல் பந்தியில் இலை போடுகிறார்கள். விண்ணப்பம் மட்டும் எழுதுபவர் மூன்றாவது பந்திக்குக் காத்திருக்கிறார். நீங்கள் எந்தப் பந்தியில் உட்காரப்போகிறீர்கள் என்பதைப் படிப்பு முடியும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

வேலை என்ன என்பதில் தெளிவு வேண்டும். தொலைநோக்கியின் ஆடி ஒளியைச் சேர்க்கிறது. கேமரா படம் எடுக்கிறது. ஸ்பெக்ட்ரோகிராஃப் அதே ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரிக்கிறது. கேலக்ஸி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதில் என்ன தனிமங்கள் உள்ளன, வாயு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, நட்சத்திரங்கள் எந்த வேகத்தில் பிறக்கின்றன என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் உறுதியான பதில் வருகிறது. ஆகவே இந்தக் கருவியைத் தெரிந்தவருக்கு டிமாண்ட் உண்டு. எப்படி உள்ளே போவது என்று பார்ப்போம்.

1. உங்கள் நாற்காலியை முதலில் தேர்ந்தெடுங்கள்

ஒரு ஸ்பெக்ட்ரோகிராஃப் குழுவில் ஆப்டிகல் டிசைனர் இருப்பார். மெக்கானிக்கல் இன்ஜினியர், டிடெக்டர் எலெக்ட்ரானிக்ஸ் ஆள், கன்ட்ரோல் சாஃப்ட்வேர் எழுதுபவர், டேட்டா பைப்லைன் எழுதுபவர், எல்லாவற்றையும் கோத்துப் பார்க்கும் சிஸ்டம்ஸ் இன்ஜினியர், சயின்ஸ் கேள்வியைக் கேட்கும் வானியலாளர் என்று இன்னும் பலர் இருப்பார்கள். "எனக்கு ஆஸ்ட்ரானமி பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு இந்தக் கூட்டத்துக்குள் நுழைய முடியாது. காலியாக இருக்கும் ஒரு நாற்காலியைக் காட்டி, "இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

என் கணிப்பைக் கேட்டால், ஆட்கள் குறைவாக இருப்பது டிடெக்டரிலும் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்கிலும்தான். ஆப்டிகல் டிசைனுக்கு ஸீமேக்ஸ் கற்றுக்கொண்டு பலர் வருகிறார்கள். ஆனால் டிசைன் செய்த லென்ஸைத் தொழிற்சாலையில் எந்தத் துல்லியத்துக்குத் தேய்க்க முடியும், அந்தத் துல்லியத்துக்கு என்ன விலை என்று கேட்டால் பாதிப்பேர் திணறுகிறார்கள். டாலரன்சிங் தெரிந்த டிசைனர் வேறு ரகம். மெக்கானிக்கல் ஆட்கள் சாலிட்வொர்க்ஸோடு நிற்காதீர்கள். வெப்பநிலை 15 டிகிரி இறங்கினால் உங்கள் அலுமினிய மவுன்ட் எவ்வளவு சுருங்கும், அந்தச் சுருக்கம் டிடெக்டரில் எத்தனை பிக்சல் நகர்வாகத் தெரியும் என்று சொல்லத் தெரிந்தால்தான் உங்களை இந்தத் துறையின் ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு ஒரு சொல். பைத்தான் எல்லோருக்கும் தெரியும். அதை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே தனித்துத் தெரிய முடியாது. மோட்டார், சென்சார், ஷட்டர் என்று நிஜமான ஹார்டுவேரை இயக்கிய அனுபவம் இருந்தால் ரெஸ்யூமேயின் முதல் வரியிலேயே போடுங்கள்.

2. போட்டானோடு கூடவே நடந்து பழகுங்கள்

உங்கள் நாற்காலி எதுவாக இருந்தாலும், ஆடியில் விழுந்த ஒளி கடைசியில் ஒரு எண்ணாக மாறும்வரை என்னென்ன நடக்கிறது என்று முழுப் பாதையும் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் மேலே போகிறவரையும் அதே இடத்தில் நின்றுவிடுகிறவரையும் பிரிப்பது இதுதான்.

பழக ஒரு நல்ல உதாரணம் டெசி. அரிசோனாவின் கிட் பீக் மலையில், 4 மீட்டர் மேயல் தொலைநோக்கியில் பொருத்திய கருவி. குவியத் தளத்தில் 5,000 ஃபைபர்கள். ஒவ்வொன்றையும் தனி ரோபோ ஒன்று நகர்த்தி, ஒரு கேலக்ஸியின் பிம்பம் விழும் இடத்துக்கு நேராக நிறுத்துகிறது. ஃபைபரின் உள்விட்டம் ஏறக்குறைய 107 மைக்ரான். ரோபோ அதைச் சில மைக்ரான் துல்லியத்தில் நிறுத்தியாக வேண்டும். கூடுதலாக விலகினால் அந்தக் கேலக்ஸியின் ஒளி ஃபைபருக்குள் நுழையாமல் வீணாகிறது. உள்ளே நுழைந்த ஒளி, வெப்பநிலை கட்டுப்படுத்திய தனி அறையில் உள்ள பத்து ஸ்பெக்ட்ரோகிராஃப்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் நீலம், சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என மூன்று கிளைகள். 360 முதல் 980 நானோமீட்டர்வரை படிக்கிறார்கள்.

முன்பு இது எப்படி நடந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நியூ மெக்சிகோவில் ஸ்லோன் சர்வேக்கு ஒவ்வொரு வானப் பகுதிக்கும் ஒரு அலுமினியத் தட்டில் துளை போட்டார்கள். பகலில் ஊழியர்கள் உட்கார்ந்து, ஒரு தட்டுக்கு 640 ஃபைபர்களைக் கையாலேயே செருகினார்கள். பிறகு அது 1,000 ஆனது. கையால் செய்த அந்த வேலையை ரோபோவுக்கு மாற்றியதால்தான் டெசியால் முதல் மூன்று ஆண்டு டேட்டாவிலேயே ஒன்றரைக் கோடியை நெருங்கும் எண்ணிக்கையில் கேலக்ஸிகளையும் குவேசார்களையும் அலச முடிந்தது. எந்த இடத்தில் நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சரி செய்பவருக்கு எந்தக் குழுவிலும் இடம் உண்டு.

இப்போது இன்டர்வியூவுக்கு வருவோம். தேர்வுக் குழுவில் உட்கார்ந்தால் நான் கேட்கும் கேள்வி இது: "745 நானோமீட்டரில் ஒரே ஒரு ஒளிக்கோடு தெரிகிறது. வேறு எதுவும் இல்லை. கேலக்ஸி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?"

அவசரக்காரர் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். நிதானமானவர், "மூன்று பதில் வருகிறதே" என்பார். அந்தக் கோடு 656.3-இல் பிறந்த ஹைட்ரஜன் ஆல்ஃபாவாக இருந்தால் ரெட்ஷிஃப்ட் 0.14. அதாவது, பக்கத்து வீதி. 500.7-இல் பிறந்த ஆக்சிஜன் கோடாக இருந்தால் 0.49. அல்லது 372.7-இல் பிறந்த இன்னொரு ஆக்சிஜன் கோடாக இருந்தால் 1.0. அப்படியானால் அந்த ஒளி புறப்பட்டபோது பிரபஞ்சத்துக்கு இன்றைய வயதில் பாதிகூட ஆகவில்லை. தவறான பதிலைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் முப்பரிமாண வரைபடமே கோணலாகிவிடும்.

பிறகு அடுத்த கேள்வி: "எப்படி முடிவு செய்வீர்கள்?" கடைசியாகச் சொன்ன ஆக்சிஜன் கோடு உண்மையில் இரட்டைக் கோடு. 372.6, 372.9 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். இடைவெளி ஏறக்குறைய 0.28 நானோமீட்டர். 372.7-ஐ 0.28-ஆல் வகுத்தால் 1,330. எவ்வளவு ரெட்ஷிஃப்ட் ஆனாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் நீளும். ஆகவே இந்த 1,330 மாறாது. இரண்டு முகடுகளையும் தெளிவாகப் பிரித்துப் பார்க்க அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், 3,000-க்கும் அதிகமான ரிசல்யூஷன் வேண்டும். ஒளியைப் பிரிக்க அதற்கேற்ற கிரேட்டிங், அதற்கேற்ற ஃபைபர் விட்டம், அதற்கேற்ற பிக்சல். டெசியின் ரிசல்யூஷனைத் தீர்மானித்ததில் இந்த இரட்டைக் கோட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு.

சயின்ஸ் கேள்வியில் தொடங்கி ஹார்டுவேர் ஸ்பெக் வரை இப்படி இறங்கி வரத் தெரிந்தவரிடம் மார்க்‌ஷீட்டை யாரும் இரண்டாவது முறை புரட்டுவதில்லை. இதே மாதிரி ஐந்தாறு கணக்குகளை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். ஆறு ஆப்டிகல் பரப்புகள், ஒவ்வொன்றும் 90 சதவீத ஒளியைக் கடத்தினால் மிச்சம் எவ்வளவு? 53 சதவீதம். "ஒரு லென்ஸ்தானே, கூடுதலாகச் சேர்த்துவிடலாம்" என்று யாராவது மீட்டிங்கில் சொன்னால், இந்த எண் உங்கள் நுனி நாக்கில் இருக்க வேண்டும்.

3. கை பழகட்டும்

சிமுலேஷன் மட்டும் செய்தவரை லேபில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கிரேட்டிங்கை எடுக்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். ரூல்டு கிரேட்டிங்கில் மில்லிமீட்டருக்கு நூற்றுக்கணக்கான கோடுகள். விரல் பட்டால் எண்ணெய் அந்தக் கோடுகளுக்கு நடுவே இறங்கிவிடும். துணியால் துடைத்தால் கோடே போய்விடும். கையுறை போட்டுக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, தூக்குவதற்கு முன்பே வைக்கப்போகும் இடத்தைத் தயார் செய்துவிட்டுத் தூக்குபவர்தான் பயிற்சி உள்ளவர்.

டிடெக்டர் வேலை இன்னும் கண்டிப்பானது. சிசிடியை மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே குளிர்விக்கிறோம். இல்லையென்றால் சில்லு தன் வெப்பத்தாலேயே எலெக்ட்ரான்களை உமிழும். மங்கலான கேலக்ஸியின் சிக்னல் அதில் கரைந்துவிடும். குளிர்விப்பது மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன். வரிசை மாறவே கூடாது. முதலில் டிடெக்டரை அடைத்திருக்கும் டியூவர் கலத்தை வேக்குவம் செய்ய வேண்டும். பிறகுதான் குளிர்விக்க வேண்டும். திறக்கும்போது முதலில் அறை வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். பிறகுதான் காற்றை உள்ளே விட வேண்டும். குளிர்ந்திருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் முழுவதும் டிடெக்டர்மீது பனியாகப் படியும். ஒரு சில்லின் விலை ஒரு வீட்டின் விலை. இன்னொன்று: ஆக்சிஜன் மானிட்டர் இல்லாத மூடிய அறையில் நைட்ரஜன் ஊற்றச் சொன்னால், சொல்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். மூச்சு முட்டுவதே தெரியாமல் ஆள் விழுந்துவிடுவார்.

லாக்புக் எழுதுங்கள். "ஆர்க் எடுத்தேன், நன்றாக இருந்தது" என்பது லாக் அல்ல. நேரம், லேம்ப், எக்ஸ்போஷர், அறை வெப்பநிலை, டியூவர் அழுத்தம், எந்த கேபிளை மாற்றினீர்கள், மாற்றியபின் என்ன ஆனது என்று ஒவ்வொன்றும் வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு விசித்திரமான இரைச்சல் டேட்டாவில் முளைக்கும். அன்று எல்லோரும் தேடி வருவது லாக் எழுதியவரைத்தான். ப்ரொமோஷன் கமிட்டிக்கும் அந்தப் பெயர் நினைவிருக்கும்.

கல்லூரி லேபில் இந்த வசதி இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். கிரேட்டிங் படலம், வெப்கேம், இரண்டு லென்ஸ், கறுப்பு அட்டை போதும். ஒரு சிறு ஸ்பெக்ட்ரோகிராஃப் கட்டுங்கள். சிஎஃப்எல் விளக்கின் பாதரசக் கோடுகளை வைத்து அலைநீள அளவீடு செய்யுங்கள். பிறகு சூரிய ஒளியில் சோடியத்தின் 589 நானோமீட்டர் கறுப்புக் கோடுகளைத் தேடுங்கள். எவ்வளவு பிழை வந்தது, ஏன் வந்தது என்று இரண்டு பக்கம் எழுதிவையுங்கள். அந்த இரண்டு பக்கம் எந்தச் சர்டிஃபிகேட் கோர்ஸையும் விட அதிகம் பேசும்.

4. இலவச டேட்டாவில் போர்ட்ஃபோலியோ கட்டுங்கள்

ஸ்லோன் சர்வேயின் ஸ்பெக்ட்ரங்கள் பல ஆண்டுகளாகவே பொதுவில் உள்ளன. டெசியின் முன்னோட்ட டேட்டா 2023 ஜூனிலும், முதல் ஆண்டுத் தொகுப்பு 2025 மார்ச்சிலும் வெளியாகின. உலகின் முன்னணிக் குழுக்கள் பயன்படுத்தும் அதே டேட்டா உங்கள் லேப்டாப்புக்கும் வருகிறது. பயன்படுத்தாமல் இருப்பதற்குச் சாக்குக் கிடையாது.

ஒரு நூறு கேலக்ஸிகளை எடுங்கள். கேட்டலாகில் உள்ள ரெட்ஷிஃப்டைப் பார்க்காமல், நீங்கள் எழுதிய ப்ரோக்ராமிலேயே அளந்து பாருங்கள். பிறகு ஒப்பிடுங்கள். பெரும்பாலானவை பொருந்தும். சில பொருந்தாது. உங்கள் வேலை அந்தச் சிலவற்றில்தான் இருக்கிறது. ஏன் தவறியது? வளிமண்டலத்தில் உள்ள ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் அகச்சிவப்புப் பக்கம் வேலிபோல வரிசையாக ஒளிக்கோடுகளை விடுகின்றன. அவற்றில் ஒன்றின் மிச்சத்தை உங்கள் ப்ரோக்ராம் கேலக்ஸி என்று நினைத்திருக்கலாம். காஸ்மிக் ரே ஒன்று டிடெக்டரைத் தாக்கிய புள்ளியாக இருக்கலாம். தவறிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, ப்ரோக்ராமோடு சேர்த்து கிட்ஹப்பில் போடுங்கள். சரியாக வந்த 95-ஐ விட, விளக்கப்பட்ட 5 தவறுகளைத்தான் நான் திறந்து படிப்பேன்.

கச்சா டேட்டாவிலிருந்து தொடங்கும் பயிற்சியும் வேண்டும். பயஸ், ஃப்ளாட், அலைநீள அளவீடு, வானப் பின்னணியைக் கழித்தல், ஃப்ளக்ஸ் அளவீடு என்று வரிசையாக ஒரு முறையாவது கையால் செய்து பாருங்கள். பிறகு பைப்இட் போன்ற தயார் பைப்லைனுக்குப் போகலாம். தலைகீழாகக் கற்றால், பைப்லைன் பொய் சொல்லும் நாளில் உங்களுக்குத் தெரியாது.

தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேலக்ஸியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. நிர்ஸ்பெக் சொன்ன 14.32 ஒரு விளிம்பிலிருந்து வந்த எண். குறிப்பிட்ட அலைநீளத்துக்குக் கீழே ஹைட்ரஜன் எல்லா ஒளியையும் விழுங்கிவிடுகிறது. அந்த வெட்டு எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். பிறகு ஆல்மா ரேடியோ தொலைநோக்கி ஆக்சிஜனின் கோட்டைப் பிடித்தது. எண் 14.18 என்று திருந்தியது. விளிம்பு மழுங்கலானது, கோடு கூர்மையானது. எந்த அளவீட்டுக்கும் எவ்வளவு பிழை என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் இருந்தால் இப்படித் திருத்தம் வரும்போது தலைகுனிய வேண்டியதில்லை.

5. எந்த வாசல் வழியாக நுழைவது?

பெங்களூருவில் உள்ள இந்திய வான்இயற்பியல் நிறுவனம் முதல் வாசல். ஜவ்வாது மலையில் வாணியம்பாடிக்கு அருகே உள்ள காவலூர் வானாய்வகம் அவர்களுடையது. 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. உச்சியில் சேரும் ஒளியை ஃபைபர் வழியாகத் தனி அறைக்குக் கொண்டுவந்து எஷல் ஸ்பெக்ட்ரோகிராஃபில் பிரிக்கிறார்கள். காரணம் என்ன என்று யோசித்துவிட்டு மேலே படியுங்கள். தொலைநோக்கியோடு சேர்ந்து தொங்கும் கருவி, தொலைநோக்கி திரும்பத் திரும்பத் தன் எடையாலேயே நுண்ணியதாக வளையும். அசையாத மேசையில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

லடாக்கில் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இதே நிறுவனத்தின் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. பெங்களூருவுக்கு அருகே ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்து சாட்டிலைட் இணைப்பில் அதை இயக்குகிறார்கள். நைனிடாலின் ஆரீஸ் நிறுவனம் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கியை நடத்துகிறது. அதற்கு ஸ்பெக்ட்ரோகிராஃபை அவர்களே கட்டியிருக்கிறார்கள். புனேயில் அயுகா, மும்பையில் டிஐஎஃப்ஆர் ஆகியவற்றிலும் கருவிக் குழுக்கள் உண்டு.

நுழைவு வழிகள் மூன்று. பிஎச்டிக்குப் போவதாக இருந்தால் ஜெஸ்ட், கேட், நெட் ஆகிய தேர்வுகளில் எது எங்கே செல்லும் என்று அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். சில நிறுவனங்கள் சொந்தத் தேர்வும் வைப்பதுண்டு. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு வான்இயற்பியல் நிறுவனம் கல்கத்தா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்திவந்த கருவியியல் எம்டெக்-பிஎச்டி போன்ற பாதைகள் கவனிக்கத்தக்கவை. திருவனந்தபுரம் ஐஐஎஸ்டியில் ஆப்டிகல் இன்ஜினியரிங் எம்டெக் இருக்கிறது. மூன்றாவது வழி, ப்ராஜெக்ட் இன்ஜினியர் அல்லது ட்ரெய்னி வேலை. ஒப்பந்தக் காலம் குறைவுதான். ஆனால் உள்ளே போய் ஒரு கருவியைத் தொட்டுவிட்டால் அடுத்த கதவு தானாகத் திறக்கும்.

பணம் பற்றியும் பேசிவிடுவோம். 2023 தொடக்கத்திலிருந்து ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஐடியில் உங்கள் நண்பர் வாங்குவது இதைவிடக் கூடுதலாக இருக்கும். வீட்டில் கடன் இருந்தால் முதலில் அதைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தத் திறமைகள் வெளியிலும் விலைபோகும். ஆப்டிக்ஸ், வேக்குவம், டிடெக்டர் தெரிந்தவருக்கு இஸ்ரோவின் பெங்களூரு ஆய்வகமான லியோஸ் முதல் மருத்துவக் கருவி நிறுவனங்கள்வரை இடம் உண்டு. புதுச்சேரியில் ஒரு ஆப்டிக்ஸ் நிறுவனம், முப்பது மீட்டர் தொலைநோக்கியின் ஆடித் துண்டுகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று பார்க்கும் எட்ஜ் சென்சார்களைத் தயாரிக்கும் பணியை ஏற்றது. நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கும் இப்படிப்பட்ட இடங்களை நம் பிள்ளைகளில் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

6. பெயர் எங்கே போகும் என்று பாருங்கள்

அரிசோனாவில் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் என்றொருவர் இருந்தார். கையில் இருந்தது 24 அங்குலத் தொலைநோக்கி. கலிஃபோர்னியாவில் மவுன்ட் வில்சனில் 60 அங்குலம் இருந்தது. போட்டியில் தோற்க வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர் தொலைநோக்கியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்காமல் ஸ்பெக்ட்ரோகிராஃபை மாற்றினார். நெபுலா போன்ற பரந்த பொருளுக்கு ஆடியின் அளவைவிடக் கேமரா லென்ஸின் வேகமே முக்கியம் என்று புரிந்துகொண்டு, வேகமான லென்ஸைப் பொருத்தினார். ஒரே புகைப்படத் தட்டில் மணிக்கணக்கில் ஒளி சேர்த்தார். 1912-இல் ஆண்ட்ரமேடா நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதை அளந்தார். அடுத்த ஆண்டுகளில் மற்ற நெபுலாக்களில் பெரும்பாலானவை நம்மை விட்டு விலகி ஓடுவதையும் அவர்தான் முதலில் கண்டார்.

1929-இல் எட்வின் ஹப்பிள் தூரத்தையும் வேகத்தையும் இணைத்துக் கட்டுரை வெளியிட்டார். அதில் இருந்த வேகங்களில் பெரும்பாலானவை ஸ்லைஃபர் அளந்தவை. கட்டுரையில் ஸ்லைஃபரின் பெயர் இல்லை. அந்த உறவைச் சொல்லும் விதிக்கு ஹப்பிளின் பெயர் வந்தது. அளந்து கொடுத்துவிட்டு அமைதியாக இருப்பவருக்கு இதுதான் கிடைக்கும். அளவீடு உங்களுடையது என்றால், அது முதலில் உங்கள் பெயரில் அச்சாக வேண்டும், அதன் அர்த்தத்தையும் நீங்களே எழுத வேண்டும்.

இன்னொருவர் மில்டன் ஹியூமசன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். மவுன்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றியவர். 1917-இல் அதே வானாய்வகத்தில் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தார். இரவுகளில் உதவிக்கு நின்று, தட்டுகளைக் கையாளும் நேர்த்தியால் கவனம் பெற்று, முறையான பட்டம் எதுவும் இல்லாமலே ஆய்வாளர் குழுவில் சேர்ந்தார். ஹப்பிளுடன் சேர்ந்து மங்கலான கேலக்ஸிகளின் ரெட்ஷிஃப்டுகளை அளந்தவர் அவர்தான். 1956-இல் வெளியான ரெட்ஷிஃப்ட் தொகுப்பில் முதல் பெயர் ஹியூமசன். உடன் எழுதியவர்களில் ஒருவர் நிக்கலஸ் மேயல். டெசி பொருத்தப்பட்ட தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். மற்றவர்களுக்கு வராத ஒரு கடினமான வேலையை தன்னளவுக்கு நன்றாகச் செய்ய ஆளில்லை என்ற நிலையை ஹியூமசன் உருவாக்கிக்கொண்டார்.

இன்று இதற்கு விதிகள் இருக்கின்றன. ஸ்லோன் போன்ற பெரிய சர்வேக்களில் "பில்டர்" என்ற அந்தஸ்து உண்டு. குறிப்பிட்ட அளவு உழைப்பைத் தந்தவர்கள் பின்னால் வரும் கட்டுரைகளில் ஆசிரியராகச் சேரும் உரிமை பெறுகிறார்கள். ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் தன் கருவிகளைக் கட்டும் குழுக்களுக்கு உத்தரவாத இரவுகளைத் தருகிறது. சிலியில் உள்ள மியூஸ் கருவியைக் கட்டிய குழு அப்படிப் பெற்றது இருநூறு இரவுகளுக்கும் மேல். உங்கள் குழுவில் இந்த விதி எப்படி இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே கேட்டுப் படித்துவிடுங்கள்.

கருவி பற்றிய கட்டுரைகளையும் எழுதுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் எஸ்பிஐஇ தொலைநோக்கி, கருவி மாநாடு இந்தத் துறையின் சந்தை. 2024-இல் யோகஹாமாவில் நடந்தது. அங்கே ஒரு போஸ்டர் போட்டாலும் போதும், உங்களை வேலைக்கு எடுக்கக்கூடியவர்கள் அந்த வழியாகத்தான் நடந்துபோவார்கள்.

7. ஒரே ப்ராஜெக்டில் மொத்தத்தையும் போடாதீர்கள்

முப்பது மீட்டர் தொலைநோக்கியில் இந்தியாவும் பங்காளி. 492 ஆடித் துண்டுகள் கொண்ட பிரம்மாண்டம். ஹவாயின் மவுனா கியாவில் கட்டத் திட்டமிட்டார்கள். அந்த மலையைப் புனிதமாகக் கருதும் ஹவாய்ப் பூர்வகுடிகளின் போராட்டத்தால் 2015-இலும் 2019-இலும் வேலை தொடங்க முடியாமல் நின்றது. அவர்கள் கவலைக்கு நியாயம் உண்டு. அதே சமயம் அந்தத் தொலைநோக்கி வரும் என்று நம்பிப் பத்தாண்டு கொடுத்த இளைஞர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு பெரிய கருவியோடு, இரண்டு மூன்று ஆண்டில் வானத்தைப் பார்க்கப்போகும் சிறிய கருவி ஒன்றிலும் கை வைத்திருங்கள். டிசைனில் தொடங்கி முதல் ஒளிவரை முழுச் சுற்றையும் ஒருமுறை பார்த்தவர் என்பது ரெஸ்யூமேயில் கனமான வரி.

8. ரிவியூவில் எப்படி நடந்துகொள்வது?

ப்ரிலிமினரி டிசைன் ரிவியூ, க்ரிட்டிக்கல் டிசைன் ரிவியூ என்று ஒவ்வொரு கருவிக்கும் படிகள் உண்டு. வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் உங்கள் டிசைனைக் கிழிப்பார்கள். அதற்காகத்தான் அழைத்திருக்கிறோம். முகம் சுண்டாதீர்கள்.

கேள்வி வந்தால் மூன்று வகைப் பதில் போதும். "கணக்கு இதோ." "சோதித்தோம், முடிவு இதோ." "இன்னும் செய்யவில்லை, இந்தத் தேதிக்குள் செய்வோம்." நான்காவதாக, "பிரச்சினை வராதுங்க" என்று ஒரு பதில் நம்மூரில் பிரபலம். அதைச் சொன்ன நிமிடத்திலேயே அறையில் உங்கள் மதிப்பு இறங்கிவிடும்.

எரர் பட்ஜெட்டை விரல் நுனியில் வைத்திருங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் இவ்வளவு பிழைதான் அனுமதி என்று பகிர்ந்திருப்பார்கள். பக்கத்துக் குழு தன் பங்கை மீறினால் உங்கள் பங்கிலிருந்துதான் எடுக்கப் பார்ப்பார்கள். மரியாதையாக, எண்ணோடு எதிர்த்து நில்லுங்கள். மீட்டிங் முடிந்த அன்று மாலையே யார் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார் என்று நான்கு வரி மெயில் அனுப்புங்கள். ஜூனியர்தானே, நாம் அனுப்பலாமா என்று தயங்க வேண்டாம். அந்த மெயிலை அனுப்புபவர்தான் ஒரு வருடத்தில் மீட்டிங்கை நடத்துகிறார்.

ஆங்கிலம் தடுக்கிறது என்றால், சிறிய வாக்கியமாகப் பேசுங்கள். ஜப்பான், சிலி, ஜெர்மனி என்று பல ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் சிறிய வாக்கியமே எல்லோருக்கும் புரியும். அலங்கார ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

மலைக்குப் போகும்போது ஹான்லே போன்ற உயரத்துக்கு நேராக ஏறிவிட வேண்டாம். லேயில் சில நாள் தங்கி உடல் பழகிய பிறகு போங்கள். தலை சுற்றும் நிலையில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்து வீரம் காட்டுபவரை அடுத்த முறை அழைக்க மாட்டார்கள்.

9. கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகள்

ஆஃபர் கையில் வந்தவுடன் சந்தோஷத்தில் தலையாட்டிவிடாதீர்கள். இவற்றை மெயிலில் கேளுங்கள். கருவிக்கு முழு நிதியும் ஒப்புதலாகிவிட்டதா, அல்லது தவணையில் வருகிறதா? முதல் ஒளி எந்த ஆண்டு, அந்தத் தேதி இதுவரை எத்தனை முறை தள்ளிப்போயிருக்கிறது? உத்தரவாத நேரத்தில் எனக்குப் பங்கு உண்டா? கருவிக் கட்டுரையிலும் முதல் சயின்ஸ் கட்டுரையிலும் என் பெயர் எந்த விதிப்படி வரும்? நான் வேறு நிறுவனத்துக்கு மாறினால் டேட்டா உரிமை என்னோடு வருமா?

நல்ல தலைவர்கள் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார்கள். ஒரே நாளில் பதில் எழுதுவார்கள், ஏனென்றால் அவர்களும் ஒரு காலத்தில் இதையே கேட்டிருப்பார்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அடுத்த ஆஃபரையும் திறந்தே வைத்திருங்கள்.